பைக்கின் செயின் செட்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

பைக்கின் செயின், முன்னால் இருக்கும் சின்ன ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), பின்சக்கரத்தில் இருக்கும் பெரிய ஸ்பிராக்கெட், இந்த மூன்றையும் சேர்த்துத்தான் கடையில் செயின் செட் என்பார்கள். இதை மாற்ற இன்ஜினைத் திறக்க வேண்டியதில்லை, வயரிங் தெரிய வேண்டியதில்லை. ஓரளவு ஸ்பேனர் பிடித்துப் பழகிய யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்துவிடலாம். ஆனாலும் புதிதாகச் செய்பவர்கள் பாதியில் மாட்டிக்கொள்வது உண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஆர்வத்தில் முதலில் செயினைக் கழற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் ஸ்பிராக்கெட் போல்ட்டைத் திருப்பினால், போல்ட்டோடு சேர்ந்து ஸ்பிராக்கெட்டும் சுற்றும். பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. எதை எப்போது தளர்த்துவது, எதை எப்போது இறுக்குவது என்ற வரிசைதான் இந்த வேலையின் உயிர். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் ஓடும் 100 முதல் 160 சிசி வரையிலான வண்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். சென்டர் ஸ்டாண்ட், பின்பக்கம் ட்ரம் பிரேக், செயினின் இரண்டு முனையையும் இணைக்கும் இடத்தில் கிளிப் போட்ட செயின் லாக். உங்கள் வண்டி இதிலிருந்து கொஞ்சம் மாறினாலும் வரிசை மாறாது. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் மட்டும் தனிக் கதை. அதில் முன் ஸ்பிராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், கிளட்சை மூடியிருக்கும் பிரைமரி கேஸைத் திறந்தால்தான் கைக்கு எட்டும். முதல் முயற்சிக்கு அந்த வண்டி வேண்டாம்.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா?

செயின் 'நீண்டுவிட்டது' என்று சொல்கிறோம். உண்மையில் இரும்புத் தகடு எதுவும் இழுபட்டு நீளவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின் (pin, சின்ன உருளைக் கம்பி), அதைச் சுற்றிக் குழாய் போல ஒரு புஷ் இருக்கிறது. மணலும் தண்ணீரும் உள்ளே போய், எண்ணெய் காய்ந்து, இரண்டும் உரசித் தேய்கின்றன. ஒரு மூட்டில் தேய்வது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டுகளில் அது கூடும்போது செயின் தொங்குகிறது, அட்ஜஸ்டரைத் திருப்பிச் சக்கரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறோம்.

அளந்து பார்ப்பது சுலபம். இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது 428 செயின். முதல் எண் 4 என்பது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கான தூரம் எட்டில் நான்கு அங்குலம், அதாவது அரை அங்குலம் என்பதைக் காட்டுகிறது. மில்லிமீட்டரில் 12.7. கடைசி இரண்டு எண்கள் செயினின் உள் அகலத்துக்கானவை. அப்படியென்றால் 20 லிங்க் நீளம், அதாவது முதல் பின்னின் நடுவிலிருந்து 21-ஆவது பின்னின் நடு வரைக்கும், புதிய செயினில் 254 மி.மீ. இருக்க வேண்டும். செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து ஸ்டீல் ஸ்கேலால் அளங்கள். 259 மி.மீ.யைத் தொட்டுவிட்டால் அந்தச் செயின் முடிந்தது. ஒரே இடத்தில் அளந்து முடிவு செய்யாதீர்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தை உருட்டி இன்னும் இரண்டு, மூன்று இடத்தில் பாருங்கள்.

ஸ்கேல் இல்லையென்றால் வேறு வழி இருக்கிறது. பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினை இரண்டு விரலால் பிடித்து வெளிப்பக்கமாக இழுங்கள். நல்ல செயின் பல்லைவிட்டு எழும்பாது. பல்லில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மாற்ற வேண்டும். பல்லையும் பாருங்கள். புதிய ஸ்பிராக்கெட்டில் பல்லின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்திருக்கும். தேய்ந்த பல் அரிவாள் மூக்கைப் போல ஒருபக்கம் வளைந்து கூர்மையாகிவிடும்.

'செயின் மட்டும் மாற்றினால் போதாதா?' என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. பழைய செயின் நீள நீள, பல்லும் அந்த நீளத்துக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கிறது. அதன்மேல் சரியான அளவுள்ள புதிய செயினைப் போட்டால் சுமை சில பற்களில் மட்டும் விழும். புதிய செயின் சீக்கிரமே பழசாகிவிடும். முன் ஸ்பிராக்கெட்டை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் மாற்றுவதும் வீண். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொண்டால், பின்பல் ஒருமுறை வேலை செய்யும் நேரத்தில் முன்பல் மூன்று முறை வேலை செய்கிறது. முதலில் தேய்வதே அதுதான். கவருக்குள் மறைந்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

கடையில் கேட்க வேண்டியவை

செயின் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு வெளியில் தேட வேண்டிய அவசியமே இல்லை. ரோலான் செயின் கோயம்புத்தூர் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்துடையது. டைமண்ட் செயின் செய்யும் டிஐடிசி, சென்னையின் முருகப்பா குழுமத்தைச் சேர்ந்தது. இரண்டும் சின்ன ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். சென்னையில் இருந்தால் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் ஒரு நடை போய்வரலாம். கம்பெனி ஷோரூமில் தரும் செட்டும் நல்லதே.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வரும் வண்டியில் வருடத்துக்கு வருடம் பல் எண்ணிக்கையும் லிங்க் எண்ணிக்கையும் மாறியிருக்கலாம். ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு வருடத்தைச் சொல்லுங்கள். முடிந்தால் பழைய ஸ்பிராக்கெட்டில் குத்தியிருக்கும் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பார்க்கலாம்: செயின், லாக், இரண்டு ஸ்பிராக்கெட். சில செட்டில் லாக் வாஷரும் முன் ஸ்பிராக்கெட்டைப் பிடிக்கும் பிளேட்டும் சேர்ந்து வரும். இல்லையென்றால் அங்கேயே தனியாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். நட்டு கழலாமல் இருக்கச் சொருகி மடிக்கும் கோட்டர் பின் இரண்டு, மூன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை வளைத்த கோட்டர் பின்னை மறுபடி போடக் கூடாது.

டூப்ளிகேட் செட் சந்தையில் உண்டு. பல் ஓரம் பிசிறடித்திருப்பது, செயின் தகட்டில் கம்பெனிப் பெயர் மங்கலாகவோ இல்லாமலோ இருப்பது, விலை அச்சிடாத பெட்டி, இதில் எது தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நூறு, இருநூறு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. ஓடும்போது செயின் அறுந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம், இன்ஜினின் வெளி உறையான கிராங்க் கேஸ் உடையலாம்.

பல் எண்ணிக்கையை மாற்றிப் பார்க்கும் ஆசையும் சிலருக்கு வரும். முன்னால் ஒரு பல் கூட்டினால் ஹைவேயில் இன்ஜின் அமைதியாக ஓடும் என்பது உண்மைதான். கூடவே இரண்டு பேராக ஏற்றம் ஏறும்போது வண்டி திணறும் என்பதும் உண்மை. முதல்முறை கம்பெனி என்ன கொடுத்ததோ அதையே போடுங்கள்.

இன்னொன்று. உங்கள் செயின் லாக் எந்த வகை என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். ஒரு லிங்க் மட்டும் வேறு மாதிரி, மேலே மெல்லிய கிளிப்போடு இருந்தால் அது கிளிப் லாக். இடுக்கி போதும். கிளிப்பே இல்லாமல் எல்லா லிங்க்கும் ரிவிட் அடித்திருந்தால் பழைய செயினை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக வரும் புதிய செயினும் ரிவிட் லாக்கோடு வந்தால், அதை அடிக்க அதற்கென்றே உள்ள ரிவிட் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டி ரிவிட் அடிக்க முயல வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டு, அந்த ஒரு லிங்க்கை மட்டும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ரிங் ஸ்பேனர் செட், 10 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர், ஆக்சில் (சக்கரத்தின் நடுத்தண்டு) நட்டுக்குப் பொருந்தும் பெரிய ஸ்பேனர் இரண்டு, நோஸ் பிளையர், தட்டை ஸ்குரூ டிரைவர், சுத்தியல், ஸ்டீல் ஸ்கேல், மார்க்கர். கொஞ்சம் கிரீஸ், பழைய துணி, தரையில் விரிக்க நியூஸ் பேப்பர். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் ரொம்ப நல்லது. கழுவ மண்ணெண்ணெய் கிடைத்தால் அது, இல்லையென்றால் டீசல். பெட்ரோல் வேண்டாம், தீயும் பிடிக்கும், மூட்டுகளில் ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினாக இருந்தால் அந்த ரப்பரையும் கெடுக்கும். ஓப்பன் ஸ்பேனரை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். இறுகிப்போன போல்ட்டின் மூலைகளை மழுக்குவது அதுதான்.

தரை சமமாக இருக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். உதவிக்கு ஒருவர் இருந்தால் நல்லது, பிரேக்கை மிதித்துப் பிடிக்க மட்டும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை, தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஸ்டார்ட் செய்து, கியரில் விட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணியின் ஒரு நூல் பல்லில் மாட்டினால் போதும், விரல் பின்னாலேயே போய்விடும். அப்படி விரல் இழந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த வேலை முடியும்வரை சாவி வண்டியில் இருக்கவே கூடாது. உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். சக்கரத்தைக் கையால் மட்டும் உருட்டுங்கள். அப்போதும் இன்னொரு கை செயின் பல்லுக்குள் நுழையும் இடத்தின் பக்கம் போகக் கூடாது. குழந்தைகளுக்குச் சுற்றும் சக்கரம் என்றால் ஆசை, அவர்களை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

கழற்றும் வரிசை

முதலில் செயின் கவர். மேல் பாதி, கீழ் பாதி இரண்டையும் கழற்றுங்கள். உள்ளே கறுப்புக் களிம்பாகச் சேறு அப்பியிருக்கும், அதைச் சுரண்டிக் கழுவிவிடுங்கள். அந்த அழுக்கோடு புதிய செயினை உள்ளே விடுவதில் அர்த்தமில்லை.

அடுத்து கியர் லீவர். அது மாட்டியிருக்கும் தண்டில், லீவரின் வெட்டு எங்கே நிற்கிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கியர் போடக் கால் தடுமாறும். அதன் போல்ட்டை முழுவதுமாக வெளியே எடுத்தால்தான் லீவர் வரும். பிறகு ஸ்பிராக்கெட் கவர். உள்ளே நியூட்ரல் சுவிட்ச் வயர் இருந்தால் இழுத்துவிடாதீர்கள்.

இப்போதுதான் நான் முதலில் சொன்ன இடம். செயின் இன்னும் மாட்டியே இருக்கிறது. சக்கரம் தரையில் இருக்கும்படி வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, கழற்றிய லீவரைத் தண்டில் சும்மா செருகிக் கியரில் போட்டு (இனி கியர் மாற்ற வேண்டிய இடங்களிலும் இப்படித்தான்), உதவிக்கு வந்தவரைப் பின் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லுங்கள். முன் ஸ்பிராக்கெட்டை இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் ஒரு மெல்லிய பிளேட்டும் இரண்டு சின்ன போல்ட்டும் பிடித்திருக்கும். அந்த இரண்டையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். சில வண்டிகளில் நடுவே ஒரே ஒரு பெரிய நட்டு இருக்கும், அதன் அடியில் உள்ள வாஷரின் ஓரத்தை மடித்துப் பூட்டியிருப்பார்கள். ஸ்குரூ டிரைவரை வைத்துத் தட்டி, மடிப்பை நிமிர்த்தியபின் நட்டைத் திருப்புங்கள். அப்படியே பின் ஸ்பிராக்கெட்டின் நட்டுகளுக்கு வாருங்கள். அங்கும் லாக் வாஷர் மடிப்பு இருந்தால் நிமிர்த்திவிட்டு, ஒவ்வொன்றையும் கால் சுற்று தளர்த்துங்கள். கடைசியாக ஆக்சில் நட்டு. கோட்டர் பின்னை எடுத்துவிட்டு அதையும் தளர்த்துங்கள்.

இறுக்கமானதெல்லாம் தளர்ந்தாயிற்று. இனி வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளுங்கள். செயின் தொங்கும். சில வண்டிகளில் ஆக்சில் நட்டுக்கு உள்பக்கம், செயின் இருக்கும் பக்கத்தில், இன்னொரு பெரிய ஸ்லீவ் நட்டு இருக்கும். அதைத் தளர்த்தாவிட்டால் சக்கரம் நகராது. எவ்வளவு தள்ளியும் அசையவில்லையே என்று தடுமாறினால் அங்கே பாருங்கள்.

சக்கரத்தை உருட்டி லாக்கைப் பின் ஸ்பிராக்கெட்டின் மேல் கொண்டுவந்து நிறுத்துங்கள். கிளிப்பின் மூடிய முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பு மாட்டியவர் மாற்றி மாட்டியிருக்கலாம். நோஸ் பிளையரின் ஒரு தாடையைக் கிளிப்பின் திறந்த முனையிலும், இன்னொன்றை அந்த முனைக்குத் தள்ளி இருக்கும் பின்னிலும் வைத்து அழுத்தினால் கிளிப் நழுவிவிடும். இன்னொரு கையால் மேலே மூடிக்கொள்ளுங்கள், பறந்துபோகும். செயினை உருவி எடுத்து, நியூஸ் பேப்பரில் வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம், இன்னும் ஒரு வேலை இருக்கிறது.

பின்சக்கரம்: பிரேக் ராடின் பின்கோடியில் உள்ள நட்டைக் கழற்றுங்கள். அதோடு ஒரு உருண்டைப் பின்னும் ஸ்பிரிங்கும் வரும், மூன்றையும் அதே வரிசையில் ராடிலேயே திரும்பக் கோத்துவிடுங்கள். அப்படியென்றால் தொலையாது. பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் டார்க் ராடைக் கழற்றுங்கள். ஆக்சிலை உருவுங்கள். ஆக்சிலில் இடைவெளிக்காகப் போட்டிருக்கும் குழாய்தான் ஸ்பேசர்; எது எந்தப் பக்கம், எந்த நீளம் என்று பார்த்து, ஆக்சிலிலேயே அதே வரிசையில் கோத்து வையுங்கள். வண்டியைப் பக்கவாட்டில் கொஞ்சம் சாய்த்தால் சக்கரம் வெளியே வந்துவிடும்.

வந்ததும் புது ஸ்பிராக்கெட்டைத் தேடி ஓடாமல், உள்ளே உள்ள கப்ளிங் ரப்பரைப் பாருங்கள். ஸ்பிராக்கெட் பிடித்திருக்கும் பகுதியைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறதா? ரப்பர் உடைந்து தூளாகியிருக்கிறதா? மாற்றிவிடுங்கள். விலை குறைவு, சக்கரம் வெளியே இருக்கும்போது இரண்டு நிமிட வேலை. கியர் போட்டதும் 'டக்' என்று இடிக்கும் வண்டிகளில் பல நேரம் குற்றவாளி இந்த ரப்பர்தான். பேரிங்கையும் விரல் விட்டுச் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு தெரிந்தால் அதையும் இப்போதே மாற்றுவது நல்லது.

மாட்டும் வரிசை

புதிய செயினை நியூஸ் பேப்பரில் பழையதன் பக்கத்தில் நீட்டி வையுங்கள். ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்து, மறுமுனையைப் பாருங்கள். லிங்க் எண்ணிக்கை ஒன்றுதான் என்றாலும் பழையது இரண்டு விரல் அகலத்துக்கு நீண்டு நிற்கும். பழையதைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தால் வில்லாக வளையும், புதியது விறைப்பாக நிற்கும். மூட்டுகள் தேய்வதைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் அப்போது கண்ணெதிரே தெரியும். ஆனால் நீளத்தைப் பார்த்துப் புதியது குட்டையாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், லிங்க்கை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால் சரி. ஸ்பிராக்கெட் பல்லையும் அப்படியே எண்ணிவிடுங்கள்.

பின் ஸ்பிராக்கெட்டை ஹப்பில் உட்காரவைக்கும் முன், இரண்டு பரப்பையும் துடைத்து எடுங்கள். நடுவில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் ஸ்பிராக்கெட் கோணலாக ஓடும். பழையது எந்தப் பக்கம் வெளியே பார்த்ததோ அதே பக்கம். நட்டுகளை ஒரே சுற்றில் ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். சக்கரத்தை மாட்டியபின் கடைசி இறுக்கல் கொடுத்து, லாக் வாஷரின் ஓரத்தை நட்டின் தட்டைப் பக்கத்தோடு மடித்துவிடுங்கள்.

சக்கரத்தை ஏற்றி, ஆக்சிலுக்கு மெல்லிய கிரீஸ் தடவிச் சொருகி, ஸ்பேசர்களை அவை இருந்த இடத்திலேயே வைத்து, நட்டைக் கையால் மட்டும் திருகுங்கள். முழுவதும் முன்னால் தள்ளி வையுங்கள்.

முன் ஸ்பிராக்கெட்டை அதன் தண்டில் நுழையுங்கள். பிளேட் வகையாக இருந்தால், பிளேட்டைத் தண்டின் பற்களோடு நுழைத்து, வரிப்பள்ளத்தில் வந்ததும் கொஞ்சம் திருப்பினால் போல்ட் ஓட்டைகள் நேராகும். போல்ட்டுகளைக் கையால் போடுங்கள், இறுக்குவது அப்புறம்.

செயினை முன் ஸ்பிராக்கெட்டின் மேல் சுற்றி, இரண்டு முனையையும் பின்னால் கொண்டுவாருங்கள். கீழே தரையில் தொடவிடாதீர்கள், கிரீஸில் மணல் ஒட்டும். இரண்டு முனையையும் காற்றில் பிடித்துக்கொண்டு லாக் போட முயன்றால் மூன்றாவது கை வேண்டும். அதற்குப் பதில் இரண்டு முனையையும் பின் ஸ்பிராக்கெட்டின் அடுத்தடுத்த பற்களில் உட்காரவையுங்கள். பல்லே பிடித்துக்கொள்ளும், உங்கள் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

லாக்கின் இரண்டு பின்னுக்கும் கிரீஸ் தடவி, உள்பக்கத்திலிருந்து, அதாவது சக்கரத்தின் பக்கத்திலிருந்து, வெளியே நீட்டுங்கள். ஓ-ரிங் செயினாக இருந்தால் பின்னில் இரண்டு ரிங், மேல் தகட்டைப் போடும் முன் இன்னும் இரண்டு. ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. மேல் தகட்டை வைத்து, இரண்டு பின்னிலும் சமமாக அழுத்துங்கள். பின்னின் நுனியில் ஒரு மெல்லிய வரிப்பள்ளம் தெரிய வேண்டும். அது முழுவதும் வெளியே தெரியாவிட்டால் தகடு இன்னும் உட்காரவில்லை, கிளிப் போடாதீர்கள்.

கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். இதில்தான் பலர் குழம்புகிறார்கள். வண்டி முன்னால் போகும்போது செயினின் மேல்பக்கம் முன்னால் ஓடுகிறது, கீழ்பக்கம் பின்னால் ஓடுகிறது. லாக் மேல்பக்கம் இருக்கும்போது மூடிய முனை ஹெட்லைட் பக்கம் பார்த்தால் சரி. ஏன் இந்தக் கட்டாயம்? ஒரு கல்லோ கவரின் ஓரமோ கிளிப்பில் தட்டினால், மூடிய முனையில் தட்டினால் அது இன்னும் உள்ளே அழுந்தும். திறந்த முனையில் தட்டினால் கழன்று பறந்துவிடும். அப்புறம் தகடு, அப்புறம் செயின்.

ஹெட்லைட் பக்கம் இருக்கும் பின்னின் பள்ளத்தில் கிளிப்பை நுழைத்து, மூடிய முனையைப் பிளையரால் பின்னோக்கித் தள்ளினால், திறந்த முனை 'க்ளிக்' என்று அடுத்த பின்னின் இரண்டு பக்கமும் விழும். அந்தச் சத்தம் கேட்ட பிறகும் நகத்தால் நெம்பிப் பாருங்கள். அசையக் கூடாது. லாக் இருக்கும் மூட்டை மடக்கிப் பாருங்கள், மற்ற மூட்டுகளைப் போலவே எளிதாக மடங்க வேண்டும்.

தொய்வும் நேர்கோடும்

செயினின் கீழ்ப்பக்கத்தில், இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே விரலை வைத்து மேலே தூக்குங்கள், பிறகு கீழே அழுத்துங்கள். இரண்டு நிலைக்கும் இடையே உள்ள தூரம்தான் தொய்வு. இந்த ரக வண்டிகளுக்குப் பொதுவாக 20 முதல் 30 மி.மீ. வரை சொல்வார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு, எந்த ஸ்டாண்டில் வைத்து அளக்க வேண்டும் என்பது ஓனர்ஸ் மேனுவலிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ இருக்கும். சக்கரத்தை உருட்டிக்கொண்டே சில இடங்களில் அளந்து, எங்கே அதிகம் இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தை வைத்துச் சரிசெய்யுங்கள்.

புதிய செயின் என்பதால் விறைப்பாக வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். ஆள் ஏறி உட்கார்ந்து, சஸ்பென்ஷன் அமுங்கும்போது, முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட் (அது சட்டத்தோடு சேர்ந்து ஆடும் இடம்), பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும். செயினுக்கு அதிகம் நீளம் தேவைப்படுவது அப்போதுதான். தொய்வு இல்லையென்றால் செயின் இழுக்கும் இழுப்பு முழுவதும் கியர் பாக்ஸ் பேரிங்கிலும் சக்கரப் பேரிங்கிலும் விழும். தளர்ந்த செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும். இறுக்கமான செயின் சத்தமில்லாமல் பேரிங்கைத் தின்னும், அதற்கு ஆகும் செலவு பல செயின் செட்டுக்குச் சமம். சந்தேகமாக இருந்தால் ஒருவரை வண்டியில் உட்காரவைத்து, அப்போதும் செயினில் கொஞ்சம் தொய்வு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்பிக்கொண்டு வர வேண்டும். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்விங் ஆர்ம் பிவட்டின் நடுவிலிருந்து ஆக்சிலின் நடு வரைக்கும் இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சக்கரம் நேர். பிறகு வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து, செயினின் மேல்பக்கத்தை ஒரு கண்ணால் பாருங்கள். பின்னிலிருந்து முன்வரை ஒரே கோடாகப் போக வேண்டும், நடுவில் ஒடிந்து தெரியக் கூடாது. சக்கரத்தை உருட்டும்போது ஸ்பிராக்கெட் பல் செயினின் நடுவில் விழுகிறதா, ஒரு பக்கத் தகட்டை உரசுகிறதா என்றும் கவனியுங்கள். ஒருபக்கம் உரசினால் அந்தப் பல்லின் பக்கவாட்டு சீக்கிரம் பளபளத்துத் தேய்ந்துவிடும்.

இனி இறுக்கும் வேலை. ஸ்லீவ் நட்டு இருந்தால் முதலில் அது, பிறகு ஆக்சில் நட்டு. ஆக்சிலை இறுக்கும்போது சக்கரம் கொஞ்சம் நகர்ந்து, பார்த்துப் பார்த்து வைத்த அளவு மாறிவிடுவது சகஜம். அதனால் இறுக்கிய பின் தொய்வையும் நேர்கோட்டையும் இன்னொரு முறை பாருங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, கியரில் போட்டு, டார்க் ராடையும் பிரேக் ராடையும் மாட்டிப் பிரேக்கை மிதித்துக்கொண்டு, முன் ஸ்பிராக்கெட் போல்ட்டுகளையும் பின் ஸ்பிராக்கெட் நட்டுகளையும் கடைசியாக இறுக்குங்கள். முன்னால் இருக்கும் அந்த 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். பெரிய ஸ்பேனரைப் போட்டுத் தொங்கினால் மரை போய்விடும். ஆக்சிலுக்கும் பின் ஸ்பிராக்கெட் நட்டுகளுக்கும் மேனுவலில் உள்ள அளவைப் பாருங்கள். புதிய கோட்டர் பின் போட்டு இரண்டு கால்களையும் மடித்துவிடுங்கள்.

டார்க் ராட் மாட்டினீர்களா? இதைத் தனியாகக் கேட்கிறேன், ஏனென்றால் மறந்தால் ஆபத்து. அது இல்லாமல் பிரேக் போட்டால் பிரேக் பிளேட்டே சக்கரத்தோடு சேர்ந்து சுற்ற முயலும், ராட் வளையும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதன் நட்டும் கோட்டர் பின்னும் இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஆக்சில் முன்னால் நகர்ந்திருப்பதால் பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரமும் மாறியிருக்கும். பிரேக் ராட் நட்டைத் திருப்பிச் சரிசெய்து, பிரேக் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா என்று பாருங்கள். ஸ்பிராக்கெட் கவர், கியர் லீவர், செயின் கவர் மூன்றையும் மாட்டிவிட்டால் முடிந்தது. செயின் கவர் உள்ளே எங்கும் உரசவில்லை என்று சக்கரத்தைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஓட்டிப் பார்த்த பிறகு

தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று போய்வாருங்கள். முதலில் பிரேக்கைச் சோதியுங்கள், பிறகுதான் வேகம். திரும்பி வந்ததும் லாக் கிளிப்பையும் ஆக்சில் நட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதிய செயினைக் கழுவ வேண்டாம். உள்ளே தொழிற்சாலையில் போட்ட கிரீஸ் இருக்கிறது. முதல் 300 முதல் 500 கி.மீ.க்குள் மூட்டுகள் ஒன்றோடொன்று பழகும்போது செயின் கொஞ்சம் தளரும். அப்போது தொய்வை மறுபடி சரிசெய்து, ஸ்பிராக்கெட் நட்டுகளின் இறுக்கத்தையும் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு 500 கி.மீ.க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட்டால் போதும். மழையில் நனைந்தால் அன்றைக்கே. சாதாரண செயினுக்கு 90 கியர் ஆயில் தாராளம். ஓட்டிவிட்டு வந்து செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில் சக்கரத்தைக் கையால் உருட்டியபடி விடுங்கள். ஓடும்போது எண்ணெய் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு மூட்டுக்குள் போகும். சிறிது நேரம் ஊறவிட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வெளியே ஒட்டியிருக்கும் எண்ணெய்க்கு மணலைச் சேர்ப்பது தவிர வேறு வேலையில்லை. ஓ-ரிங் செயினுக்கு அதற்கென்று எழுதியிருக்கும் ஸ்பிரே வாங்குங்கள், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள்.

பழைய செயினும் ஸ்பிராக்கெட்டும் காயலான் கடைக்குப் போகட்டும். பழைய லாக்கை எடுத்து வைக்க வேண்டாம், அதன் பின்னும் தேய்ந்திருக்கும். செட் வாங்கும்போதே அதே அளவில் புதிய லாக் ஒன்று கூடுதலாக வாங்கி, கிளிப்போடு ஒரு சின்னக் கவரில் போட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் டூல் கிட்டில் வைத்துவிடுங்கள்.